எனக்கும் ஒரு வேண்டாம்

சங்கரன்கோவில்
20.1.2025

என் தம்பியைக் கட்டிய மகராசி சிவசக்திக்கு, பொன்மணி மதினி எழுதுவது. இங்கே நானும், என்னைக் கட்டிய பாவத்துக்கு உனக்கு அண்ணன் முறையான என் வீட்டுக்காரரும், தையல் மிஷினும் சுகம். மிஷினுக்கு மட்டும் கொஞ்சம் எண்ணெய் குறைச்சல். அங்கே நீயும் ராசாவும் ஓசூர்க் குளிரில் விறைக்காமல் இருக்கிறீர்களா?

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் டீச்சரம்மா சிவப்பு மை போட்டுவிடாதே. பஸ் ஸ்டாண்டில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, ஒரு விசயம் சொல்லணும், போன்ல முடியாது, அவுக பக்கத்துலயே இருப்பாக. என் ஸ்கூல் அட்ரஸுக்கு எழுதுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டான். அன்றைக்குப் பிடித்து என் மண்டைக்குள் பேன் ஓடுகிறது. நல்ல விசேஷமாக இருந்தால் முதலில் எனக்குச் சொல். உன் புளியங்குடி அம்மாவுக்கு அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

பொங்கலுக்கு ராசா சாப்பிட்டதை நீயும் பார்த்தாய். வெண்பொங்கல், பலகாய்க் குழம்பு, மறுநாள் கறி, அதற்குமேல் பனங்கிழங்கு. நான் வைக்க வைக்கத் தின்றான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. இன்று நேற்றுப் பழக்கமா அது? அவன் கைக்குழந்தையாக இருக்கும்போதே எங்கள் அம்மா போய்விட்டாள். என் மகன் கோகுலும் அப்போது கைப்பிள்ளை. ஒரு பக்கம் கோகுல், ஒரு பக்கம் ராசா என்று நான்தான் பால் கொடுத்தேன். கோகுல் பாதியில் தூங்கிவிடுவான். ராசா கடைசிச் சொட்டு வரைக்கும் விடமாட்டான். அப்பேர்ப்பட்டவனுக்குக் கன்னம் உள்ளே போயிருக்கிறதே, நீ சோறு வடிக்கிறாயா, பிள்ளைகளுக்குச் சொல்வது மாதிரி பாடம் சொல்லிப் படுக்கப் போடுகிறாயா? சும்மா கேலிக்குக் கேட்டேன். பாதி கேலிக்கு.

இன்னொன்று, கோபப்படாதே. நீங்கள் இருந்த நாலு நாளில் என் மாடித் தொட்டி ரெண்டு தடவை காலி. எங்களுக்கு ஆற்றுத் தண்ணீர் மனசு வைத்தால்தான் வரும். எப்போது பார்த்தாலும் பின்பக்கக் குழாய் ஓடுகிற சத்தம். எலுமிச்சம்பழம் விளைகிற புளியங்குடிக்காரி தேய்த்துத் தேய்த்துக் குளிக்கிறாள் போல என்று உன் அண்ணனிடம் சொன்னேன். அவர் தறிச் சத்தத்தில் காது போனவர் மாதிரி பேசாமல் இருந்தார்.

பதில் போடு. போடாவிட்டால் நேரில் வந்து நிற்பேன், அந்தப் பயம் இருக்கட்டும்.
பொன்மணி


ஓசூர்
2.2.2025

அன்புள்ள மதினிக்கு, சக்தி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அண்ணனின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நீங்கள் நினைக்கிற விசேஷம் இல்லை. அவருக்கு ஒரு நோய் இருக்கிறது. பல் வலி என்று போன இடத்தில் பல் டாக்டர்தான் முதலில் கண்டுபிடித்தார். மேல்பல்லின் உள்பக்கம் அரித்திருந்ததைப் பார்த்து, "அடிக்கடி வாந்தி எடுப்பீர்களா?" என்று கேட்டாராம். அவர் அங்கேயே அழுதுவிட்டார்.

சில நாள் ஒன்றும் சாப்பிடுவதில்லை. சில நாள் அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு, யாருக்கும் தெரியாமல் போய்த் தானே வாந்தியை வரவழைக்கிறார். காலேஜ் ஹாஸ்டலில் குண்டன் என்று கூப்பிட்ட நாளில் ஆரம்பித்ததாம். திமிர் இல்லை, கெட்ட பழக்கமும் இல்லை மதினி. நோய்தான். வைத்தியம் இருக்கிறது. பெங்களூரில் ஒரு டாக்டரிடம் போய்க்கொண்டிருக்கிறோம்.

அந்த டாக்டர் ஒன்று சொன்னார். சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய், மெலிந்துவிட்டாயே, இப்படி எதையும் யாரும் அவரிடம் கேட்கக் கூடாது. நீங்கள் போன் எடுத்ததும் கேட்பது அதைத்தான். தயவுசெய்து கோபப்படாதீர்கள். வேறு எது வேண்டுமானாலும் கேளுங்கள்.

தண்ணீர் விஷயத்துக்கு மன்னியுங்கள். இனிமேல் பார்த்து நடந்துகொள்கிறேன்.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.
சிவசக்தி


சங்கரன்கோவில்
9.2.2025

சக்திக்கு, மதினி எழுதுவது. நீ சுகமாக இருப்பாய், உனக்கென்ன. எனக்குத்தான் உன் கடிதம் வந்ததிலிருந்து மிஷினில் கால் ஓடவில்லை.

நெசமாகச் சொல்கிறேன், ரெண்டு தடவை வாசித்தும் மண்டையில் ஏறவில்லை. தின்றதை வேண்டுமென்றே கக்குவானா ஒருத்தன்? உன் அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

சாப்பிட்டியா என்று கேட்காமல் போனில் எப்படியம்மா பேசுவது? நம் ஊரில் அதுதானே வணக்கம். சண்டைக்கு வருகிறவன்கூட அதைக் கேட்டுவிட்டுத்தானே சண்டையை ஆரம்பிக்கிறான். சரி, டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அந்த டாக்டர் உன்னைக் கூப்பிட்டு வைத்து எல்லாம் விசாரித்திருப்பாரே, உனக்கு என்ன தெரியும்? நீ கட்டிக்கொண்டு வந்து ரெண்டு பொங்கல்தான் ஆகிறது. பால் கொடுத்தவள் ஒருத்தி சங்கரன்கோவிலில் நைட்டி தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என் வீட்டில் அவனுக்கு இந்த நோய் இல்லை. தின்றான், பின்பக்கம் போய்க் கை கழுவினான், வந்து என் மிஷின் பக்கத்தில் படுத்துவிட்டான். அங்கே கக்குகிறான், இங்கே கக்கவில்லை என்றால் கோளாறு எங்கே என்று டீச்சரம்மாவே கணக்குப் போட்டுச் சொல். சாம்பாரில் பெருங்காயம் தூக்கலோ?

கோமதி அம்மன் கோயில் புற்றுமண் ஒரு பொட்டலம் இதோடு வைத்திருக்கிறேன். நெற்றியில் பூசிவிடு. கொஞ்சம் வாயில் போடச் சொல்வதுதான் முறை. ஆனால் வாயில் போடுகிற எதைப் பற்றியும் நான் பேசக் கூடாதே.

அப்புறம், அவனுக்கு ஒரு சட்டை தைக்கலாம் என்று இருக்கிறேன். மார்பு, இடுப்பு அளவு எடுத்து அனுப்பு. பழைய அளவு என்னிடம் இருக்கிறது, ஆனாலும் புது அளவு வேண்டும்.

வெயில் ஏறுமுன் பதில் வரட்டும்.
பொன்மணி


ஓசூர்
27.2.2025

அன்புள்ள மதினிக்கு, நலம். புற்றுமண் வந்தது. அவரே கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டார்.

சட்டை அளவு அனுப்ப முடியாது. அதுவும் அதே கேள்விதான் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சிரித்துவிட்டேன்.

ஒரு நல்ல செய்தி. நேற்றுக் காலை அரை இட்லி சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் வைக்கவா என்றேன். "வேண்டாம் சக்தி" என்றார். பிறகு ஒரு மணி நேரம் என் பக்கத்திலேயே உட்கார்ந்து நான் பேப்பர் திருத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கும் எழுந்து போகவில்லை. அந்த அரை இட்லி தங்கிவிட்டது. பள்ளிக்குப் போகிற வழியெல்லாம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. உங்களிடம் சொல்கிறேன்.

சிவசக்தி


சங்கரன்கோவில்
10.3.2025

அரை இட்லிக்கு ஆரத்தி எடுக்கும் சக்திக்கு, மதினியின் ஆசீர்வாதம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மற்றபடி குறைவில்லை.

அரை இட்லி! அதற்கு ஒரு கடிதம், ஒரு தபால் தலை! என் வீட்டில் அவன் பன்னிரண்டு தோசை தின்ற நாளில் நான் உனக்குத் தந்தியா அடித்தேன்? பக்கத்து வீட்டுச் சங்கரேஸ்வரி நான் சிரிக்கிற சத்தம் கேட்டு, என்னக்கா லாட்டரியா என்று எட்டிப் பார்த்தாள். சிரித்து முடித்த பிறகு எனக்கு என்ன வந்தது தெரியுமா? அரை இட்லியைப் பிட்டு வைத்தது உன் கை. பக்கத்தில் உட்கார்ந்தது நீ. எனக்குக் கிடைத்தது கடிதம்.

சரி, போட்டி என்று வந்துவிட்டால் பொன்மணி சும்மா இருக்கமாட்டாள். முந்திரிக்கொத்தும் காரச்சேவும் செய்து பெரிய டப்பா ஒன்று பார்சல் போட்டுவிட்டேன். ஓசூர் வீட்டு விலாசத்துக்குத்தான், ராசா பெயருக்கு. சாப்பிடச் சொல்லி நான் ஒன்றும் எழுதவில்லை. டாக்டர் கேட்டால் டப்பாவுக்கு வாய் கிடையாது என்று சொல். டப்பா காலியானதும் எனக்கு எழுது. எத்தனை நாளில் காலியானது என்றும் எழுது. உன் இட்லியோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

என் கைப்பக்குவம் அறிந்த தம்பிக்கு அன்பைச் சொல்.
பொன்மணி


சங்கரன்கோவில்
30.3.2025

சக்திக்கு, மதினி எழுதுவது. நலமா?

டப்பா வந்ததா? போன் போட்டால் ராசா எடுப்பதில்லை. நீ எடுத்து, வேலையாக இருக்கிறார் மதினி என்கிறாய். உன் குரலும் ஒரு மாதிரி இருக்கிறது. முந்திரிக்கொத்து நன்றாக இருந்தது என்று சொல்வதற்கு இவ்வளவு நாளா? உன் அரை இட்லியை என் டப்பா ஜெயித்துவிட்டது என்று உனக்குக் கஷ்டமாக இருந்தால் வெட்கப்படாமல் சொல். நான் பெரியவள், தாங்கிக்கொள்வேன்.

பொன்மணி


ஓசூர்
8.4.2025

மதினிக்கு, சக்தி வணக்கம். தாமதத்துக்கு மன்னியுங்கள்.

டப்பா வந்தது. நான் பள்ளியிலிருந்து வருவதற்குள் அவர் முழுவதும் சாப்பிட்டிருந்தார். பிறகு எல்லாவற்றையும் வாந்தி எடுத்திருக்கிறார். மறுநாள் கம்பெனியில் மயங்கி விழுந்துவிட்டார். ரத்தத்தில் உப்புச் சத்து இறங்கிவிட்டதாம், இதயத் துடிப்பு சரியில்லை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். நான் காதை மூடிக்கொண்டேன்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். நடக்கிறார். வேலைக்கு இன்னும் போகவில்லை. உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்கியிருந்தார். நான் மீறுகிறேன்.

டப்பா இனி அனுப்ப வேண்டாம் மதினி. உங்கள்மேல் தவறு இல்லை.

சிவசக்தி


சங்கரன்கோவில்
15.4.2025

சக்தி,

உன் கடிதம் வந்ததும் உன்னைத்தான் வைதேன். வாய்க்கு வந்தபடி வைதேன். என் தம்பியை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு எனக்குச் சொல்லாமல் மறைத்தவள், அன்றைக்குத் தொட்டித் தண்ணீரைக் காலி செய்தவள், அரை இட்லிக்குப் பெருமை பேசியவள் என்று எங்கெங்கோ போய்விட்டேன். உன் அண்ணன் தறியிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். மூன்று வார்த்தைக்கு மேல் பேசாத மனுசர், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி, அந்தப் புள்ளைய ஏன் வையுத? தொட்டியக் காலி பண்ணுனது அவ இல்ல. உன் தம்பி" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவன் எதற்கு அவ்வளவு தண்ணீரைத் திறந்துவிடுகிறான் என்று கேட்டேன்.

"வாந்தி எடுக்குத சத்தம் உனக்குக் கேக்கக் கூடாதுன்னு. நான் பாத்துட்டேன். 'மச்சான், அக்காகிட்ட சொல்லீராதீய, அவ தாங்கமாட்டா'ன்னு கையப் புடிச்சுக்கிட்டான். நாலு நாளும் அப்படித்தான். நீ அடுப்படியில நின்னு பாட்டுப் படிச்சுக்கிட்டுக் கறி வதக்குத, அவன் பின்னால குழாயத் தொறந்துவிட்டுட்டு நிக்கான்."

நான் மிஷினில் போய் உட்கார்ந்தேன். தைத்தேன். ஒரு நைட்டியின் தோள் முழுக்கத் தைத்து எடுத்துப் பார்த்தால் துணியில் நூலே இல்லை. நூல் எப்போதோ அறுந்து, வெறும் ஊசி குத்திய ஓட்டை மட்டும் வரிசையாக இருக்கிறது.

சக்தி, என் புருசனிடம் சொல்லியிருக்கிறான். உன்னிடம் சொல்லியிருக்கிறான். முகம் தெரியாத டாக்டரிடம் சொல்லியிருக்கிறான், பல் பிடுங்குகிறவரிடம் சொல்லி அழுதிருக்கிறான். எனக்கு மட்டும்தான் தெரியக் கூடாதாம். நான் தாங்கமாட்டேனாம்.

உனக்கு என் வீட்டு விஷயம் அப்போதே தெரியுமா? தெரிந்தும் தண்ணீர்ப் பழியை ஏன் வாங்கிக்கொண்டாய்? நான் பன்னிரண்டு தோசை என்று பீற்றியபோது ஏன் சும்மா இருந்தாய்? இதற்கு மட்டும் பதில் எழுது. நலம் விசாரிக்க வேண்டாம்.

பொன்மணி


ஓசூர்
2.5.2025

அன்புள்ள மதினிக்கு, நலம் விசாரிக்க வேண்டாம் என்றீர்கள். ஆனாலும் விசாரிக்கிறேன். எப்படி இருக்கிறீர்கள்?

எனக்குத் தெரியும். பொங்கலன்று மத்தியானமே தெரியும். பஸ் ஸ்டாண்டில் சொல்ல வந்தது அதைத்தான். பிறகு உங்கள் கடிதம் வந்தது. அவன் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதில் எவ்வளவு சந்தோஷம் இருந்தது! அதன்மேல் கை வைக்க எனக்கு மனது வரவில்லை. தண்ணீர்ப் பழி அதைவிட எளிதாக இருந்தது. அது தப்பு என்று இப்போது தெரிகிறது. முதலிலேயே சொல்லியிருந்தால் டப்பா வந்திருக்காது.

அவர் டாக்டரிடம் சொன்னதை எழுதுகிறேன். எழுத அவரே சம்மதித்துவிட்டார். "அக்கா தட்டுல வைக்கும்போது அவ முகத்தப் பாத்தா எனக்கு வேண்டாம்னு சொல்ல வரமாட்டேங்கு. அவ பாலுக்கே வேண்டாம்னு சொல்லுத மாதிரி இருக்கு" என்றார்.

என்னிடம் அவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. தட்டைத் தள்ளிவிடுகிறார், சண்டை போடுகிறார், வேண்டாம் என்கிறார். நான் வெளியிலிருந்து வந்தவள்தானே. உங்களிடம் ஒன்று சொல்லட்டுமா? உங்கள் கடிதங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கும் எரிச்சல் வரும். உங்கள் முகம் வாடக் கூடாது என்று தன் உயிரையே கொடுத்துச் சாப்பிடுகிறார். எனக்காக ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டதில்லை.

உங்கள் மிஷினில் கால் ஓடட்டும்.
சக்தி


சங்கரன்கோவில்
20.6.2025

சக்திக்கு, மதினி எழுதுவது. நான் சுகம். நீ சுகமா? ராசா மறுபடி வேலைக்குப் போவதாக அவனே போனில் சொன்னான்.

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. எழுத உட்கார்ந்தால் வெட்கமாக வந்தது. நான் வெட்கப்பட்டு நீ பார்த்ததில்லை. பார்க்கவும் வேண்டாம், அழகாக இருக்காது.

உனக்கு என்மேல் எரிச்சலா? நல்லது, இருக்கட்டும். எனக்கு உன்மேல் இருப்பது அதைவிடப் பெரிசு. அரை இட்லிக்காக இல்லை. அவன் உன்னிடம் சொன்ன வேண்டாம் இருக்கிறதே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அன்றைக்கு அந்த வரியை வாசித்துவிட்டுச் சிரித்தேன். அவன் மனசைத் திறந்து உன் முன்னால் வைத்திருக்கிறான், நான் இட்லியை எண்ணிக்கொண்டிருந்தேன். என் பன்னிரண்டு தோசையும் குழாயோடு போய்விட்டது. உன் அரை இட்லி அவன் உடம்பில் இருக்கிறது. எனக்கும் ஒரு வேண்டாம் வேண்டும் சக்தி. கடனாகக் கேட்டால் தருகிற சாமானா அது?

பழகிக்கொண்டிருக்கிறேன். போன் எடுத்ததும் அந்தக் கேள்வி நாக்கு நுனியில் வந்து நிற்கும். விழுங்கிவிட்டு, "ராசா, அங்கன மழை பெஞ்சுச்சாலே?" என்று கேட்கிறேன். மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. நாலாவது தடவை அவன் பயந்துவிட்டான். "அக்கா, உனக்கு மேலுக்குச் சொகமில்லையா? மச்சான்கிட்ட போனக் குடு" என்றான். கேட்டுக்கொண்டிருந்த உன் அண்ணன் சிரித்த சிரிப்பில் முழங்கால் வலியே போய்விட்டது.

வேறு கேள்வி எதுவும் எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருசம் அவனிடம் அந்த ஒன்றைத்தான் கேட்டிருக்கிறேன் போல. என்ன வேலை பார்க்கிறாய் என்று போன வாரம் கேட்டேன். ஏதோ பம்புக்கு வால்வு சோதிக்கிற வேலையாம். அரை மணி நேரம் சொன்னான். ஒன்றும் புரியவில்லை. நன்றாக இருந்தது.

மழை பெய்தால் எழுது.
பொன்மணி


ஓசூர்
25.7.2025

அன்புள்ள மதினிக்கு, நலம். இங்கே மழை பெய்தது.

உங்கள் ஊர் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு அவர் வருகிறார். எனக்குப் பள்ளியில் தேர்வு, லீவு கிடைக்காது. தனியாகத்தான் வருகிறார். போகலாமா என்று டாக்டரிடம் கேட்டபோது, போய்ப் பாருங்கள் என்றார். முன்பைவிட இப்போது பரவாயில்லை. ஆனால் வாந்தி முழுவதும் நிற்கவில்லை. நல்ல வாரமும் உண்டு, கெட்ட வாரமும் உண்டு.

எனக்குப் பயமாக இருக்கிறது. அது செய்யுங்கள், இது செய்யாதீர்கள் என்று எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். அவரை உங்களிடம் அனுப்புகிறேன்.

சக்தி


சங்கரன்கோவில்
10.8.2025

அன்புள்ள சக்திக்கு, மதினி எழுதுவது. நானும் உன் அண்ணனும் சுகம். உன் வீட்டுக்காரனை நேற்று பஸ் ஏற்றிவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவன் வந்து சேர்ந்திருப்பான். அவன் என்ன சொன்னானோ தெரியாது, நான் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன்.

வந்து இறங்கினதும் சங்கரேஸ்வரி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். என்னப்பா இப்படி மெலிஞ்சுட்ட, சாப்பிட்டியா இல்லையா என்று ஆரம்பித்தாள். "ஏட்டி, அவன் மெலிஞ்சா உனக்கென்ன? வந்து உன் நைட்டிக்கு அளவு குடு, அங்கதான் துணி பத்தமாட்டேங்கு" என்று இழுத்துக்கொண்டு போனேன். அவள் ரெண்டு நாள் பேசவில்லை. தையல் கூலி போனாலும் பரவாயில்லை.

தபசு அன்றைக்குத் தெருவெல்லாம் கூட்டம். மத்தியானம் சாப்பிட்ட பிறகு பின்பக்கம் குழாய் ஓடியது. இதை உன்னிடம் மறைக்கமாட்டேன். மறைத்து மறைத்துத்தான் நாம் ரெண்டு பேரும் இவ்வளவு தூரம் வந்தோம். நான் எழுந்து போகவில்லை. உன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கல்யாணத்தில் பிடித்ததற்கு அப்புறம் இப்போதுதான் பிடிக்கிறார் என்று நினைக்கிறேன். குழாய் நின்று அவன் உள்ளே வந்ததும், "அம்மன் தபசுக் காட்சி பாக்கப் போவோமாலே" என்றேன். போனோம். அவன் கண் எடுக்காமல் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்க்காமல் இருக்க அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை இட்லி. வழக்கம்போல் நான் நின்று பரிமாறவில்லை. இட்லிச் சட்டியை நடுவில் வைத்துவிட்டு, எடுத்துக்கிடுங்க என்று நானும் ஒரு தட்டோடு உட்கார்ந்தேன். அவன் ஒரு இட்லி எடுத்தான். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். ஆவணி மாசத்து முகூர்த்த நாள் எல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம். அவன் மெதுவாகச் சாப்பிட்டு முடித்தான்.

அப்போதுதான் தப்பு நடந்தது. என் கைக்கு மூளை கிடையாது சக்தி. தட்டு காலியானதைக் கண்டதும் அது பாட்டுக்குச் சட்டிக்குள் போய் ஒரு இட்லியை எடுத்து அவன் தட்டுக்கு நேராகப் போய்விட்டது. நான் பார்க்கும்போது பாதி வழியில் இருக்கிறது. திருப்பவும் தெரியவில்லை, போடவும் முடியவில்லை.

அவன் தட்டின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தான்.

"வேண்டாம்க்கா. போதும்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். கண்ணாடித் தம்ளர் கை நழுவிக் கீழே போகும்போது பார்ப்போமே, அப்படிப் பார்த்தான்.

"சரிலே" என்றேன். அந்த இட்லியை என் தட்டில் போட்டுத் தின்றேன்.

அதற்கப்புறம் அவன் பின்பக்கம் போகவில்லை. என் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து நைட்டித் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தான். வால்வு என்றால் என்ன என்று மறுபடி கேட்டேன். மறுபடி சொன்னான். இந்தத் தடவை நூல் அறுந்ததை உடனே கண்டுபிடித்தேன்.

சாயங்காலம் உன் அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்தேன். "இதுக்கா அழுத? நான் முப்பது வருசமா வேண்டாம்னு சொல்லுதேன், ஒரு நாள் கேட்டிருப்பியா நீ?" என்றார். அதுவும் நெசம்தான். அவருடைய வேண்டாமை வேறு ஒரு நாள் கவனிக்க வேண்டும்.

ராசா பஸ் ஏறினதும் மாடிக்குப் போய்த் தொட்டி மூடியைத் திறந்து பார்த்தேன். கொஞ்சம் குறைந்திருந்தது. கொஞ்சம்தான்.

ஒன்றை மட்டும் எனக்கு எழுது. உன்னிடம் வேண்டாம் என்கிறானே, அது சத்தமாகச் சொல்கிறானா, மெதுவாகவா? என்னிடம் மெதுவாகத்தான் சொன்னான், பக்கத்தில் இருந்த உன் அண்ணனுக்கே சரியாகக் கேட்கவில்லை. முதல் தடவை அல்லவா. பொங்கலுக்கு வரும்போது தெரு முனை வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்வான், நீ இருந்து கேள். பொறாமைப்படாமல் கேட்க வேண்டும், சொல்லிவிட்டேன்.

உன் மதினி
பொன்மணி